புல்தரையும் அண்டை வீட்டுப் பூனையும்

(தசலட்சணப் பெருவிழாவில், உத்தம சௌச தர்ம நாளன்று இல்லறத்தார் அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உத்தமப் பொறுமையில் தொடங்கி உத்தமப் பிரம்மசரியத்தில் நிறைவுறும் பத்து அறங்களுள் நான்காவது சௌசம். தூய்மை என்பது அதன் பொருள். உடலையும் உடையையும் இல்லத்தையும் தூயனவாக வைத்துக்கொள்வது புறத்தூய்மை. ஆசை என்னும் அழுக்கை உள்ளத்திலிருந்து நீக்குவது அகத்தூய்மை. ஆகமம் சௌசம் என்று சிறப்பித்துக் கூறுவது இந்த இரண்டாவதையே. ஆயினும் இல்லறத்தான் இரண்டையும் ஒருங்கே காக்க வேண்டியவன். சில வேளைகளில் ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றை இழந்துவிடுகிறான். அத்தகைய வேளை ஒன்றே இன்றைய உரையின் பொருள்.

பொருள் மிகச் சிறியதுதான். வீட்டின் முன்னே ஒரு சிறு புல்தரை. அண்டை வீட்டில் ஒரு பூனை. அது நாள்தோறும் மதில் தாண்டி வந்து புல்தரையில் மலம் கழித்துவிட்டுப் போகிறது. அதை நிறுத்துவது எவ்வாறு? கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குடும்பம் இதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது?

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் உழவுத்தொழில் செய்தவை. அங்கே வீட்டைச் சுற்றிக் கொல்லையும் களமும் இருந்தன. ஒரு பூனை எங்கே போனது, எங்கே மண்ணைப் பறித்தது என்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை. இன்றோ பல குடும்பங்கள் சென்னையின் புறநகர்களிலும் பிற நகரங்களிலும் சிறு மனைகளில் வீடு கட்டி வாழ்கின்றன. ஓர் ஆள் உயர மதிலே இரு வீட்டுக்கும் எல்லை. அதனால் சிற்றூரில் எழாத வழக்கு நகரத்தில் எழுகிறது.

தூய்மை வேண்டுவது நியாயமே

இதனைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடலாமே என்று சொல்வோர் உண்டு. அது சரியன்று. இல்லத்தார் கொள்ளும் கவலைக்குக் காரணம் இருக்கிறது.

தோட்டத்து மலர்களே பல வீடுகளில் காலை வழிபாட்டிற்குப் போகின்றன. பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்ட முதியோரும் குழந்தைகளும் அந்தப் புல்தரையில்தான் அமர்கிறார்கள். முனிசங்கம் ஊருக்கு எழுந்தருளும்போது ஆகாரதானம் செய்யும் பேறு அந்த இல்லத்திற்கும் வாய்க்கலாம். முனிவரை எதிர்கொண்டு அழைக்கும் இடமும் அவர் நடந்து வரும் வழியும் அசுத்தமின்றி இருத்தல் வேண்டும்.

மருத்துவக் காரணமும் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி பூனையின் மலத்தின் வழியாக மண்ணில் சேரக்கூடும். கருவுற்ற பெண்களுக்கு முதன்முறையாக இத்தொற்று ஏற்பட்டால் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரலாம். எல்லாப் பூனைகளும் எப்போதும் இதைப் பரப்புவதில்லை. தொற்றுக்கு உள்ளான பூனையும் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரையே இதனை வெளியேற்றுகிறது. ஆயினும் மண்ணில் சேர்ந்தது பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடும். கொக்கிப்புழு, உருண்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகளும் இவ்வழியாகவே மண்ணில் கலக்கின்றன. வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கு அவற்றால் தோலில் அரிப்பும் வயிற்றுத் தொல்லையும் வரலாம். ஆதலால் கருவுற்ற மருமகளும் தவழும் பேரனும் உள்ள வீட்டில் ஒரு பாட்டி இதைப் பற்றிக் கவலைப்பட்டால், அதை வீண் கவலை என்று ஒதுக்கலாகாது.

பூனையின் இயல்பு

பகைமை கொண்டு ஒரு பூனை அடுத்த வீட்டுக்கு வருவதில்லை. அதற்கு வேண்டியது தோண்டுவதற்கு எளிதான, உலர்ந்த, பொலபொலப்பான மண். மலத்தை மண்ணால் மூடி மறைப்பது அதன் பிறவிக் குணம். சிமெண்டு பூசிய முற்றத்தில் அதற்கு வழியில்லை. புல் தேய்ந்து மண் தெரியும் இடமும், புதிதாக விதைத்த பாத்தியும், வீடு கட்டுவதற்காகக் கொட்டி வைத்த மணற்குவியலும் அதன் கண்ணில் படுகின்றன. ஒருமுறை பயன்படுத்திய இடத்தின் மணம் அங்கே தங்கிவிடுகிறது. மனிதர் மூக்குக்கு எட்டாத அந்த மணம் பூனையின் மூக்குக்கு எட்டுகிறது. அதனால் அடுத்த நாளும் அவ்விடத்திற்கே வருகிறது. விடியற்காலையும் அந்திப்பொழுதும் பூனைகள் மிகுதியாக நடமாடும் நேரங்கள். வீட்டார் உறங்கும்போது வந்து போவது வஞ்சகத்தால் அன்று. அதுவே அதன் பொழுது.

மதில் என்பது மனிதர் வகுத்த எல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவான அளவுகள் விலங்கிற்குத் தெரியா. விலங்குகதியில் பிறந்த அந்த உயிர், மனம் உடைய ஐம்பொறி உயிர். அத்தகைய உயிர்கள் நற்காட்சி பெறவும், ஐந்தாம் குணஸ்தானம் வரை உயரவும் கூடும் என்பது ஜினாகமக் கொள்கை. பகவான் மகாவீரர் முன்னொரு பிறவியில் சிங்கமாக இருந்தபோது சாரண முனிவர் இருவரின் அறவுரையைக் கேட்டு நற்காட்சி பெற்றார் என்பது புராணம் கூறும் வரலாறு. சமவசரணத்தின் பன்னிரண்டு அவைகளுள் ஒன்று விலங்குகளுக்கு உரியது. அங்கே பூனையும் எலியும் பகை மறந்து அருகருகே அமர்ந்திருக்கும் என்று சான்றோர் விரித்துரைப்பர். பகவானின் அவையில் இடம்பெற்ற உயிருக்கு ஒரு வீட்டின் முன்முற்றத்தில் கல்லெறியே கிடைக்குமானால், அந்த வீட்டார் மாலையில் சமவசரணப் பாடல் பாடுவதில் பொருள் என்ன?

ஐந்து அதிசாரங்கள்

இவ்வாறான நேரத்தில் மக்கள் வழக்கமாகச் செய்வன சில உண்டு. அவற்றை விரதத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நல்லது. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரமும், சமந்தபத்திரர் அருளிய ரத்தினகரண்டக சிராவகாசாரமும் கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றன. விரதம் முற்றிலும் முறியாவிடினும் அதனைக் களங்கப்படுத்தும் குற்றங்களே அதிசாரங்கள். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கிடைக்காமல் தடுத்தல் என்பன அவை. இவ்வைந்தும் வீட்டைச் சுற்றியுள்ள விலங்குகளிடம் மனிதன் அன்றாடம் செய்யக்கூடியவை என்பது கருதத்தக்கது. உயிரைப் பறித்தால்தான் குற்றம் என்று ஆசிரியர்கள் நிறுத்திவிடவில்லை.

கல்லை எறிவதும் கம்பால் அடிப்பதும் இரண்டாவது அதிசாரம். கல் படவில்லையே என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. கவனமின்மையும் கோபம் முதலான கஷாயங்களும் தூண்ட, ஓர் உயிரின் பிராணனுக்கு ஊறு செய்வதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. கல் கையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே எறிபவனுடைய ஆன்மாவுக்கு ஊறு நேர்ந்துவிடுகிறது. யசோதர காவியத்தை அறிந்த குடும்பங்களுக்கு இதை விரித்துக் கூற வேண்டியதில்லை. மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்காக யசோதரனும் அவன் தாயும் மயிலாகவும் நாயாகவும், மேலும் பல விலங்குகளாகவும் பிறந்து துன்புற்றார்கள். அங்கே உயிர் எதுவும் போகவில்லை. கொல்ல வேண்டும் என்னும் எண்ணமே அவர்களைப் பிறவிதோறும் பற்றி இழுத்தது.

பூனையைச் சாக்கில் கட்டிச் சில கல் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். இதனைக் கருணையுள்ள வழி என்று பலர் எண்ணுகிறார்கள். கொல்லவில்லை, அடிக்கவில்லை, வேறிடத்தில் விட்டோம் என்பார்கள். உண்மையில் இதில் இரண்டு அதிசாரங்கள் சேர்ந்திருக்கின்றன. சாக்கில் அடைப்பது கட்டுதல். பழகிய உணவும் நீரும் இல்லாத இடத்தில் விடுவது உணவைத் தடுத்தல். புதிய இடத்துப் பூனைகளும் நாய்களும் அதனைத் துரத்தும். அது பெண்பூனையாக இருந்து எங்கோ ஒரு மறைவிடத்தில் குட்டி ஈன்றிருந்தால், கண் திறக்காத அக்குட்டிகள் பாலின்றி மடியும். சாக்கைக் கட்டியவனுக்கு அந்தச் செய்தி தெரியவே போவதில்லை. தெரியாததனால் வினை கட்டாமல் விடுமா?

கூலி கொடுத்து ஆள் வைத்துப் பிடிக்கச் செய்தாலும் பழி நீங்காது. செய்தல், செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்று வழிகளிலும் வினை வந்து சேரும் என்பது சிறுவர்களும் அறிந்த பாடம்.

நஞ்சு வைப்பதைப் பற்றி இந்த அவையில் பேசவே வேண்டியதில்லை. ஆனால் நஞ்சென்று அறியாமலே நஞ்சு வைக்கும் வீடுகள் உள்ளன. புல்தரையைச் சுற்றிப் பினாயில் ஊற்றுகிறார்கள். பாச்சை உருண்டைகளைப் போட்டு வைக்கிறார்கள். மிளகாய்ப் பொடியைத் தூவுகிறார்கள். துப்புரவு நீர்மங்கள் பலவற்றில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அந்த நீர்மத்தில் நடந்த பூனை பின்னர்த் தன் பாதங்களை நக்கும். நஞ்சு உள்ளே போகும். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் பூனைக்கு மட்டுமன்றித் தவழும் குழந்தைக்கும் நஞ்சு. மிளகாய்ப் பொடி கண்ணிலும் பாதத்திலும் பட்டு எரியும். மண்ணில் ஊரும் சிற்றுயிர்களுக்கும் கேடு செய்யும்.

இவற்றை விரோதி இம்சை என்று சொல்லிச் சிலர் தப்ப முயல்வர். இல்லறத்தானால் தவிர்க்க முடியாத இம்சைகளாக வீட்டுவேலையில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்தியோகி, தற்காப்பில் நேரும் விரோதி ஆகிய மூன்றும் கூறப்பட்டுள்ளன. வேண்டுமென்றே எண்ணிச் செய்யும் சங்கல்பி இம்சையை அவன் அறவே விடவேண்டும். தாக்க வருபவனிடமிருந்து தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காத்துக்கொள்வதே விரோதி. மண்ணைத் தேடி வந்த பூனை யாரையும் தாக்க வரவில்லை. அதற்கென்று திட்டமிட்டு மருந்து வாங்கி வைப்பது சங்கல்பியே.

நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் அறத்தோடு ஒத்துப் போகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்கை அடிப்பதையும் துன்புறுத்துவதையும் குற்றம் என்கிறது. விலங்கை நஞ்சிட்டோ வேறு வகையிலோ கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. உயிர்களிடத்துப் பரிவு காட்டுவது குடிமகனின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்று அரசியலமைப்பும் கூறுகிறது. சட்டத்திற்கு அஞ்சி விடுவது விரதம் ஆகாது. எனினும் அஞ்சியேனும் விடுவது நன்று.

சீவகன் காட்டிய வழி

சீவக சிந்தாமணியில் வரும் நாயின் கதையைத் தமிழ்ச் சமணக் குழந்தைகள் பாட்டிமார் மடியிலிருந்தே கேட்டு வளர்கிறார்கள். அந்தணர்க்கென்று ஆக்கி வைத்த சோற்றுக் குவியலில் ஒரு நாய் வாய் வைத்துவிட்டது. தூய்மை கெட்டதே என்று சினந்தவர்கள் அதனை அடித்து வீழ்த்தினார்கள். அவ்வழியே வந்த சீவகன் குற்றுயிராய்க் கிடந்த நாயின் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அதைக் கேட்டவாறே உயிர்விட்ட நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னாளில் சீவகன் கொலைக்களத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டபோது அவனைக் காத்தவன் அந்தச் சுதஞ்சணனே.

இக்கதை மந்திரத்தின் பெருமைக்காகவே பெரும்பாலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அடித்தவர்கள் ஏன் அடித்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களும் தூய்மையையே காக்க நினைத்தார்கள். உணவு தீட்டுப்பட்டது உண்மை. அந்தச் சோற்றைக் கொட்டிவிட்டு வேறு சோறு ஆக்கியிருக்கலாம், பானைகளைக் கழுவியிருக்கலாம், அடுத்த முறை மூடி வைத்திருக்கலாம். கழுவினால் போகும் அழுக்குக்காகக் கழுவ முடியாத வினையைத் தேடிக்கொண்டார்கள். புல்தரையில் கிடக்கும் பூனை மலமும் கழுவினால் போகும் அழுக்கே.

தீங்கின்றித் தடுக்கும் முறைகள்

அப்படியானால் என்ன செய்வது? பொறுத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. தடுத்தல் குற்றமன்று, துன்புறுத்தித் தடுத்தலே குற்றம்.

முதலாவது, அன்றாடம் அகற்றுதல். பொழுது நன்றாகப் புலர்ந்து சிற்றுயிர்கள் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், கையுறை அணிந்து, கழிவை எடுத்துப் பழைய தாளில் பொதிந்து குப்பையில் சேர்க்க வேண்டும். காய்கறிப் பாத்திக்கு உரமாக்கலாகாது. பின்னர்க் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். கருவுற்ற பெண்கள் இப்பணியைச் செய்யலாகாது. முன்னர்க் கூறிய ஒட்டுண்ணி மலத்தோடு வெளிப்பட்டவுடனே தொற்றும் நிலையில் இருப்பதில்லை. அந்நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். ஆதலால் நாள்தோறும் அகற்றுவதே பெரும் காப்பு. ஈரக் கழிவு நெடுநேரம் கிடந்தால் அதில் சிற்றுயிர்கள் தோன்றிப் பெருகும் என்று அஞ்சும் சமண ஒழுக்கத்திற்கும் இதுவே உகந்தது. முனிவர்க்கு உரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று, உடற்கழிவை உயிர்களற்ற இடம் பார்த்து விடுதல். கழிவு எங்கே கிடக்கிறது, அதனால் எவ்வுயிர்க்கு என்ன நேரும் என்று எண்ணுவது இல்லறத்தார்க்கும் சிறிய அளவில் உரியதே.

இரண்டாவது, மணத்தைப் போக்குதல். அவ்விடத்தை வடிகட்டிய நீர் அளவாக ஊற்றிக் கழுவினால் போதும். அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மம் சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால் பூனையை மீண்டும் வரவழைக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் மணம் பூனைகளுக்குப் பிடிப்பதில்லை என்பர். அது சில நாளே பயன்தரும். மேலும் அத்தோல்களில் எறும்பு மொய்க்கும். எறும்பை வரவழைத்துக் காலில் மிதிப்பதற்கு அம்முறையை விட்டுவிடுவதே மேல்.

மூன்றாவது, தோண்டும் இடத்தை மூடுதல். புல் தேய்ந்த இடத்தில் மீண்டும் புல் பதிக்க வேண்டும். புதிய பாத்தியின்மேல் கோழிவலைக் கம்பியைப் பரப்பி, முனைகளை மண்ணுக்குள் மடித்துவிட வேண்டும். செடிகளின் ஊடே தெரியும் மண்ணில் சரளைக் கல்லோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ பரப்பலாம். தோண்ட வசதியில்லாத இடத்தைப் பூனை விரைவில் கைவிடும். முள்ளும் கண்ணாடித் துண்டும் கூடா. அவை உறுப்பைச் சிதைக்கும் அதிசாரத்தில் கொண்டுபோய் விடும். கட்டுமான மணற்குவியலைத் தார்ப்பாயால் மூடி ஓரங்களில் செங்கல் வைக்க வேண்டும். மதிலின்மேல் வலையைச் சற்று உயர்த்திக் கட்டுவதும் உதவும்.

நான்காவது, வேறிடம் தருதல். ஓர் உயிரின் இயல்பான தேவையைத் தடுக்கும்போது அதற்கு மாற்றிடம் காட்டுவது கடமை. அதுவே பயனுள்ள வழியும் ஆகும். அகலமான தொட்டி ஒன்றில் நான்கு விரற்கடை ஆழத்திற்கு உலர்ந்த மெல்லிய மணலை நிரப்பி, அண்டை வீட்டின் பின்புறத்தில் மழைபடாத அமைதியான மூலையில், உணவு வைக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பூனை முன்பு பயன்படுத்திய மண்ணில் ஒரு கைப்பிடி அதில் கலந்துவிட்டால் இடத்தை அதுவே கண்டுகொள்ளும். தொட்டியை நாள்தோறும் துப்புரவு செய்யாவிட்டால் பூனை மீண்டும் புல்தரைக்கே வரும்.

இந்த நான்கையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இரண்டு நாள் செய்து பார்த்து, பயனில்லை என்று கம்பைக் கையில் எடுக்கலாகாது. பழக்கம் மாறச் சில வாரங்கள் ஆகும். அவ்வாரங்களே பொறுமை என்னும் முதல் அறத்தைப் பயிலும் காலம்.

அண்டை வீட்டாரோடு பேசுதல்

நான்காவது முறைக்கு அண்டை வீட்டாரின் உடன்பாடு வேண்டும். இங்கேதான் பல குடும்பங்கள் தவறுகின்றன. பூனையிடம் காட்டிய பொறுமையைப் பூனை வளர்ப்பவரிடம் காட்டுவதில்லை. சிராவக ஒழுக்கம் கூறும் நூல்கள் பூனை போன்ற ஊனுண்ணும் விலங்குகளை வளர்ப்பதைச் சமண இல்லங்களுக்கு விலக்கியுள்ளன. அதனால் பூனை வளர்க்கும் வீட்டாரைத் தாழ்வாக எண்ணும் மனப்போக்கு சிலரிடம் உண்டு. தன் வீட்டுக்குரிய விரதத்தைக் கொண்டு அடுத்த வீட்டை அளப்பது முறையன்று.

பேச்சு நன்மை பயப்பதாகவும், அளவாகவும், இனிமையாகவும் இருக்க வேண்டும் என்று மொழிச்சமிதி கூறும். "உங்க பூனையைக் கட்டிப்போட மாட்டீங்களா? இன்னொரு தடவை வந்தா நடக்கிறதே வேற" என்று மதில்மேல் நின்று சொல்வது ஒரு விதம். அதற்குக் கிடைக்கும் விடையும் அவ்வாறே இருக்கும்: "எது உங்க வீடு, எது எங்க வீடுன்னு பூனைக்குத் தெரியுமா?" இரு வீட்டுக்கும் இடையே பேச்சு அன்றோடு நின்றுபோகும்.

அதே செய்தியை நேரில் சென்று அமர்ந்து இப்படியும் சொல்லலாம்: "அக்கா, ஒரு உதவி வேணும். உங்க பூனை விடியக்காலையில எங்க புல்தரைக்கு வந்து அசுத்தம் பண்ணிட்டுப் போகுது. மருமக மாசமா இருக்கா. ஜாக்கிரதையா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. உங்க கொல்லைப்புறத்துல ஒரு தொட்டியில மணல் போட்டு வெச்சுப் பார்க்கலாமா? மணல் நாங்களே கொண்டாந்து தர்றோம்." இதில் குறை இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை. காரணம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. ஒரு தொட்டி மணலின் விலையை ஏற்றுக்கொள்வது தோல்வி அன்று. அது தானமே.

பூனைக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும், கருத்தடை செய்வதும் அலைச்சலைக் குறைக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் கூறுவர். அவை வளர்ப்பவரும் மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டியவை. அண்டை வீட்டார் கட்டளையிடத் தக்கவை அல்ல.

இவ்வளவும் செய்த பின்னும் அண்டை வீட்டார் செவிசாய்க்கவில்லை என்றால்? எல்லா உயிரிடத்தும் நட்பு, நற்குணமுடையாரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்து இரக்கம், பணிவற்றாரிடத்து நடுநிலை என்று தத்துவார்த்த சூத்திரம் நான்கு பாவனைகளை வகுத்திருக்கிறது. நான்காவது பாவனை இத்தகைய வேளைக்கே உரியது. தெருவெல்லாம் சொல்லித் திரியாமல், பகை பாராட்டாமல், தன் வீட்டளவில் செய்யத்தக்கதைத் தொடர்ந்து செய்ய வேண்டும். இன்றியமையாத போது குடியிருப்போர் நலச்சங்கத்தின் பெரியவர்கள் மூலம் எடுத்துச் சொல்லலாம்.

புல்தரை யாருக்காக?

இறுதியாக ஒரு வினாவை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பூனை வந்ததைக் கண்டவுடன் எழும் சினம் எங்கிருந்து வருகிறது? குழந்தைகளின் உடல்நலத்திலும் வழிபாட்டின் தூய்மையிலும் கொண்ட அக்கறையிலிருந்தா? அல்லது பணம் செலவிட்டு வளர்த்த பச்சைப் புல்லின் அழகு கெட்டதே என்னும் எரிச்சலிலிருந்தா? முதலாவதற்கு மேலே கூறிய முறைகளே போதும். இரண்டாவதற்கு வேறு மருந்து வேண்டும். பொருளின்மேல் கொள்ளும் மூர்ச்சையே பரிக்கிரகம் என்று உமாஸ்வாமி கூறினார். பொருள் சிறிதாயினும் மூர்ச்சை பெரிதாக இருக்கலாம். பத்தடிப் புல்தரைக்காகப் பத்தாண்டு நட்பை முறித்துக்கொள்வோர் உண்டு.

புல்லும் ஓரறிவுயிர்தான். அதை நாள்தோறும் மிதித்தும், வாரந்தோறும் வெட்டியும், தேவைக்கு மேல் நீர் பாய்ச்சியும் வாழும் இல்லறத்தான் தானும் குற்றமற்றவன் அல்லன். காரணமின்றி மண்ணைத் தோண்டுவதையும், நீரை வீணே கொட்டுவதையும், செடிகளை வெட்டுவதையும் அனர்த்தத்தண்ட விரதம் விலக்குகிறது. புல்தரை எவ்வளவு வேண்டும் என்று அளவு செய்துகொண்டால் நீரும் மிஞ்சும், சினமும் குறையும். சௌச நாளில் அகற்றத்தக்க அழுக்கு மண்ணில் சிறிதும் மனத்தில் பெரிதுமாக இருக்கக்கூடும்.

தசலட்சண விழா நிறைவுற்றதும் வருவது க்ஷமாவாணி. உற்றாரிடமும் ஊராரிடமும் மன்னிப்பு வேண்டும் அந்நாளில், பெரும்பாலும் ஜினாலயத்தில் சந்திக்கும் சமணர்களிடமே கைகூப்புகிறோம் என்று எண்ணும் குடும்பங்கள் இவ்வாண்டு மதிலுக்கு அப்பாலும் செல்லலாம். பழைய கடுஞ்சொல் ஏதேனும் இருந்தால் அண்டை வீட்டாரிடம் அதற்காக மன்னிப்பு வேண்டலாம். எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுவதே அந்நாளின் முறை என்பதால், அவர்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பூனையும் அக்கணக்கில் அடங்கும். மறுநாள் விடியலில் அது மீண்டும் புல்தரைக்கு வந்தாலும் வரட்டும். கையுறையும் பழைய தாளும் எடுத்து வைத்திருந்தால் போதும்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!